தாயில்பட்டியில் வெயிலும் வெந்நீரும்

நமது நாட்டில் வெயிலை வையாத மனிதரைக் காண்பது அரிது. சித்திரை பிறந்துவிட்டால் போதும். சூரிய பகவானுக்கு வேறு வேலையே இல்லையா என்று திண்ணைக்குத் திண்ணை கேள்வி கிளம்பிவிடும். ஆனால் வெயிலைத் திட்டினால் அடுப்பில் பூனை படுத்துக்கொள்ளும் ஊர்களும் இதே தமிழ்நாட்டில் இருக்கின்றன. சிவகாசியிலிருந்து தெற்கே வெம்பக்கோட்டை ஒன்றியத்தைச் சேர்ந்த தாயில்பட்டி அத்தகைய ஊர்களில் ஒன்று. அங்கே வெயில் என்பது வானத்திலிருந்து இறங்கும் தொல்லையல்ல; கூலி கேட்காமல் வேலை செய்யும் தொழிலாளி. அந்தத் தொழிலாளி ஒரு நாள் லீவு போட்டால் ஆயிரம் வீடுகளில் கவலை குடி புகுந்துவிடுகிறது.

சென்ற ஐப்பசி மாத விடுமுறையில் நாம் அந்த ஊருக்குப் போயிருந்தோம். நம்மிடம் பத்தாம் வகுப்பில் பௌதிகம் படித்த மாணவர் ஒருவர் இப்போது கனடா தேசத்தில் வேலை பார்க்கிறார். தாயில்பட்டி அவருடைய சொந்த ஊர். தாயாரைப் பார்க்க வந்தவர், “சார், நீங்களும் ஒரு நாள் எங்கள் ஊருக்கு வர வேண்டும்” என்று அழைத்தார். அவருடைய உத்தியோகம் என்னவென்று கேட்டோம். “வீடுகளின் தரைக்குள்ளே வெந்நீர்க் குழாய் பதிக்கிற வேலை சார்” என்றார். தரைக்குள் வெந்நீர் ஓடும் தேசத்திலிருந்து, தரையே வெந்நீராய்க் கொதிக்கும் ஊருக்கு வந்திருக்கும் அவருடைய நிலைமை நமக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் அன்று மாலைக்குள் அது வேடிக்கை விஷயமாக இல்லை.

கரிசல் பூமி

சிவகாசியை விட்டு பஸ் கிளம்பியதும் இரு புறமும் கரிசல் நிலம் விரிகிறது. சீமைக் கருவேல மரங்கள், அங்கங்கே பனைகள், தூரத்தில் கண்மாய்க் கரை. ஊர்களுக்கு அப்பால் வெட்டவெளியில் சின்னச் சின்ன அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கின்றன. முதல் முறை பார்க்கிறவர்களுக்கு, யாரோ ஒரு சோம்பேறிக் கொத்தனார் ஒரு பெரிய கட்டிடத்தை அறை அறையாகப் பிய்த்துக் காட்டில் இறைத்துவிட்டான் என்றே தோன்றும். உண்மையில் அந்த இடைவெளி ஒவ்வோர் அடியும் சட்டப்படி அளந்து விடப்பட்டது. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்பதுதான் அந்தச் சிக்கனமற்ற கட்டிடக் கலையின் இரகசியம்.

வானம் பொய்த்த இந்தப் பூமியில் தொழில் பிறந்த கதை தமிழர்கள் பெருமையுடன் சொல்லிக் கொள்ளத்தக்கது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். மறு வருஷம் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுத் தீக்குச்சியே இந்தியாவில் பெரும்பாலும் எரிந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு மத்தாப்பு வந்தது. 1940-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளுக்குப் பின்னர், யுத்தத்தால் வெளிநாட்டுச் சரக்கு வராமற்போகவே, பட்டாசுத் தொழில் வேரூன்றிவிட்டது. இவற்றுக்கெல்லாம் மூலதனமாக அமைந்தவை இரண்டு: உழைக்கச் சலியாத ஜனங்கள், வறண்ட காற்று. மழை குறைந்த பூமி என்று விவசாயி கண்ணீர் விட்ட அதே குறைதான், ஈரம் ஆகாத தொழிலுக்கு வரப்பிரசாதமாயிற்று.

தாயில்பட்டிக்கு அருகில் வெம்பக்கோட்டையில் 2022-ஆம் ஆண்டிலிருந்து தொல்பொருள் இலாகாவினர் நிலத்தை அகழ்ந்து சங்கு வளையல்களையும் மணிகளையும் எடுத்திருக்கிறார்கள். வைப்பாற்றங்கரையில் கைத்தொழில் என்பது நேற்று வந்த சமாசாரமல்ல என்பதற்கு மண்ணே சாட்சி சொல்கிறது.

களத்து மேடை

ஊருக்கு வெளியே ஓர் ஆலையைப் பார்க்க அநுமதி கிடைத்தது. வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டைப் பையில் தீப்பெட்டி உண்டா என்று கேட்டார்கள். செருப்பையும் கழற்றச் சொன்னார்கள். கோவிலுக்குப் போகிறவர்களுக்குக்கூட இவ்வளவு நியமம் கிடையாது.

ஆலையின் போர்மேன் ஐம்பது வயதுக்காரர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைக்கிறார்கள். அவர் நமக்குத் தொழிலின் படிகளை ஒவ்வொன்றாக விளக்கினார். வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியத் தூள் முதலியவற்றை அளவறிந்து கலப்பதற்கு “மருந்து கலத்தல்” என்று பெயர். அந்த அறையில் ஓரிருவரே இருப்பார்கள். வெயில் ஏறுமுன் காலையிலேயே அந்த வேலையை முடித்துவிடப் பார்க்கிறார்கள். வானத்தில் சிவப்பும் பச்சையுமாகச் சிதறும் வாணங்களுக்காக மருந்தைப் பசையுடன் பிசைந்து சிறு உருண்டைகளாக்குகிறார்கள். இதற்கு “மணி மருந்து” என்று பெயர். ஈரமாக இருக்கும்வரை மணி மருந்து சாது. காய்ந்துவிட்டால் அதற்குக் கோபம் அதிகம். சாதுவைக் கோபக்காரனாக்கும் இடம்தான் களத்து மேடை.

ஆலையின் ஒரு பக்கத்தில், மற்ற அறைகளுக்கு எட்டாத தொலைவில், சிமெண்டு மேடைகள் இருந்தன. அவற்றின்மேல் தட்டுத் தட்டாக மணி மருந்தையும், வெடிக் குழாய்களையும், திரிகளையும் பரப்பிக் காயவைக்கிறார்கள். இந்த மேடைக்கு அடுப்பு சூரியன். இந்த அடுப்பைத் தணிக்கத் திருகு கிடையாது. சித்திரை வைகாசியில் உச்சிப்பொழுதில் மேடையில் கை வைத்தால் கை பொசுங்கிவிடும். ஐப்பசியிலோ, நாம் போன அன்றைக்கு, வானம் மூடிக் கிடந்தது. மேடைகள் வெறிச்சென்றிருந்தன. மேகத்தையே பார்த்துக்கொண்டு தார்ப்பாயோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் நம் மாணவரின் தாயார்.

“ரெண்டு நாளா வெயில் இல்லைங்கய்யா. வெயில் இல்லைன்னா வேலை இல்லை, வேலை இல்லைன்னா கூலி இல்லை” என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதிலே ஒரு பொருளாதார சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருந்தது.

தீபாவளிக்கு முன்னால் ஆர்டர்கள் குவியும் காலமும், வடகிழக்குப் பருவமழை கறுத்து வரும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. சரக்கு அவசரமாக வேண்டும், வெயிலோ அவசரப்படாது. அப்போது சில இடங்களில் ஒரு விபரீத யோசனை தலை காட்டுகிறது. அரைகுறையாகக் காய்ந்த மருந்தை அள்ளி அறைக்குள் குவித்து வைப்பது. கூடுதல் சரக்கை ஒரே அறையில் அடைப்பது. ஆலையில் முடியாததை வீட்டுக்கும் மரத்தடிக்கும் கொண்டுபோவது. அலுமினியத் தூளும் ஈரமும் வெடியுப்பு வகைகளும் ஒன்று சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே உஷ்ணம் பிறக்கும். குவியலின் நடுவில் பிறந்த உஷ்ணம் வெளியே போக வழி தெரியாமல் தன்னைத்தானே பெருக்கிக் கொள்ளும். யாரும் தொடாமலே தீப்பிடித்தது என்று பிறகு ஊரார் பேசிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தக் குணத்தை அடக்கவே மருந்தில் சிறிது போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு.

முதலிப்பட்டியில் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி நிகழ்ந்த கோர விபத்தில் சுமார் நாற்பது உயிர்கள் போயின. சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரியில் ஒரு விபத்து. அதே ஆண்டு ஜூன் மாதம் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் வெடி வெடித்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறாக இருக்கலாம். உராய்வு, நெரிசல், அளவுக்கு மிஞ்சிய சரக்கு, பேராசை என்று பட்டியல் நீளும். ஆயினும் உஷ்ணத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதன் உஷ்ணத்தின் கையில் அகப்பட்டுக் கொள்கிறான் என்னும் பொது உண்மையை மறுப்பதற்கில்லை.

தரைக்குள் ஓடும் வெந்நீர்

களத்து மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த நம் மாணவர் குனிந்து, அந்த வெறும் சிமெண்டைக் கையால் தடவிப் பார்த்தார். “சார், நான் அங்கே செய்கிறதெல்லாம் இப்படி ஒரு மேடைதான். வெயிலுக்குப் பதில் அடியிலே குழாய்” என்றார். அதன்பின் ஒரு மணி நேரம் அவர் வாத்தியார், நாம் மாணவர்.

தரையைச் சூடாக்கி வீட்டில் குளிர் போக்கும் வழக்கம் மிகப் பழமையானது. பழைய ரோமர்கள் தரையைத் தூண்களின் மேல் தூக்கிக் கட்டி, அதன் கீழே நெருப்பின் புகையையும் சூட்டையும் ஓடவிட்டார்கள். கொரியா தேசத்தில் “ஒண்டோல்” என்ற பெயரில் அடுப்பின் புகையைக் கல் தரைக்கு அடியில் செலுத்தினார்கள். நம் பாரத தேசத்திலேயே காஷ்மீரத்தில் மசூதிகளை ஒட்டிய “ஹமாம்” அறைகளில், கல் பலகைகளுக்கு அடியில் விறகை எரித்து, பனிக்காலம் முழுவதும் தரையைக் கதகதப்பாக வைத்திருக்கிறார்கள். முதியவர்கள் அங்கே கூடி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். நமக்கு வேப்பமரத்து நிழல் எப்படியோ, அவர்களுக்குச் சூடான கல் அப்படி.

அமெரிக்கச் சிற்பி பிராங்க் லாயிட் ரைட் என்பவர் ஜப்பானில் இம்பீரியல் ஹோட்டலைக் கட்டப் போயிருந்தபோது, ஒரு பிரபுவின் வீட்டில் கொரிய முறையில் அமைந்த அறையில் உட்கார நேர்ந்தது. அந்தச் சுகத்தை அவர் மறக்கவேயில்லை. 1937-இல் விஸ்கான்ஸின் மாகாணத்தில் மாடிஸன் நகரில் ஜேக்கப்ஸ் என்பவருக்கு அவர் கட்டிக் கொடுத்த சிறு வீட்டில் தரைக்கு அடியில் குழாய் பதித்துச் சூடாக்கினார். புகை போன இடத்தில் குழாய் வந்தது. இப்போது கொரியாவின் வீடுகளிலும் புகைக்குப் பதில் வெந்நீர்தான் ஓடுகிறது.

ஏன் வெந்நீர்? இதற்குப் பள்ளிக்கூடப் பௌதிகமே பதில் சொல்லும். ஒரு லிட்டர் ஜலம் சுமக்கும் உஷ்ணத்தை அதே டிகிரிக்குக் காற்று சுமக்க வேண்டுமானால் சுமார் 3,500 லிட்டர் காற்று வேண்டும். விரல் பருமனுள்ள குழாயில் ஓடும் நீர் செய்யும் வேலையைச் செய்ய, ஆள் நுழையக்கூடிய காற்றுப் பாதை தேவைப்படும்.

குழாயின் கணக்கு

நம் மாணவர் ஒரு குச்சியை எடுத்துக் கரிசல் மண்ணில் படம் வரைந்தார். முதலில் மண்ணின் மேல் உஷ்ணம் கீழே இறங்காதபடி தடுக்கும் பலகை. அதன்மேல் கம்பி வலை. வலையில் பிளாஸ்டிக் குழாயைச் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார்கள். முன்காலத்தில் செம்பும் இரும்பும் உபயோகித்தார்கள். சிமெண்டுக்குள் அவை அரித்துப் போவதால், வெந்நீருக்கு இளகாத விசேஷப் பாலிதீன் குழாய் இப்போது வழக்கமாகிவிட்டது. குழாய்க்குக் குழாய் இடைவெளி சுமார் 15 முதல் 30 சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் இடைவெளியில் 10 சதுர மீட்டர் அறைக்கு 67 மீட்டர் குழாய் வேண்டும் என்று நம் வகுப்புப் பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

ஒரே குழாயை முடிவில்லாமல் நீட்டிக்கொண்டு போகக் கூடாது. நீளம் கூடக் கூட நீர் திணறும். வால் பக்கத்தில் சூடும் ஆறிப்போகும். ஆகவே சாதாரணக் குழாயில் ஒரு சுற்று ஏறக்குறைய 100 மீட்டரைத் தாண்டாதபடி பார்த்துக் கொள்கிறார்கள். பெரிய அறையானால் பல சுற்றுகள். எல்லாச் சுற்றுகளும் சுவரோரத்தில் ஒரு பெட்டியில் வந்து சேருகின்றன. ஊர் வாய்க்காலில் மடைக்கு மடை தண்ணீர் பங்கிடுவதுபோல், அங்கே சுற்றுக்குச் சுற்று வெந்நீர் பங்கிடப்படுகிறது. குட்டைச் சுற்று பேராசைக்காரன். தடை குறைவாகையால் எல்லா நீரையும் தானே இழுத்துக்கொள்ளப் பார்ப்பான். அவனுடைய மடையைக் கொஞ்சம் இறுக்கி வைத்தால்தான் நெட்டைச் சுற்றுக்கு நியாயம் கிடைக்கும். நீர்க்கட்டி வேலை பார்த்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தச் சாஸ்திரத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

குழாயைச் சுற்றும் முறையிலும் யுக்தி உண்டு. பாம்பு நெளிவதுபோல் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போனால், தொடக்கம் சூடாகவும் முடிவு ஆறியும் போகும். நத்தைச் சுருள்போல் உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால், சூடானதும் ஆறினதும் ஒன்றையொன்று ஈடுசெய்து தரை முழுவதும் சமமாயிருக்கும். சிமெண்டுக்குள் இணைப்பே கூடாது என்பது முதல் விதி. குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே சிமெண்டுக் கலவையைக் கொட்டுவது இரண்டாவது விதி. கொட்டியபின் கசிந்தால் வீட்டையே உடைக்க வேண்டும்.

விளாவுகிற வித்தை

ஆனால் உள்ளபடி கெட்டிக்காரத்தனம் குழாயில் இல்லை. உஷ்ணத்தை ஆள்வதில் இருக்கிறது. மனிதர் நடமாடும் தரை 29 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பிய முறை. காலுக்கு அதற்கு மேல் சுகமில்லை. தரை 29, அறை 20 டிகிரியாக இருந்தால் ஒரு சதுர மீட்டரிலிருந்து சுமார் 100 வாட் உஷ்ணம் எழும்புகிறது. 10 சதுர மீட்டர் அறைக்கு 1,000 வாட். நீர் 5 டிகிரி ஆறித் திரும்பினால், இதற்கு நிமிஷத்துக்கு சுமார் 3 லிட்டர் ஓட்டமே போதும். ஓர் அறையின் குளிரை ஓட்ட இவ்வளவு சின்ன ஓடை!

இதற்குத் தேவையான நீர் 35 முதல் 45 டிகிரி வரைதான். கொதிகலனிலிருந்து வருவதோ 70 டிகிரி. அதை அப்படியே விட்டால் தரை வெடித்துவிடும், கால் வெந்துவிடும். ஆகையால் நடுவில் ஒரு வால்வு வைக்கிறார்கள். எண்ணெய் ஸ்நானத்துக்கு வெந்நீர் விளாவுகிற நம் பாட்டிமார் செய்யும் வேலையையே அந்த வால்வு செய்கிறது. தரையிலிருந்து ஆறித் திரும்பும் 35 டிகிரி நீரில் ஆறு பங்கும், 70 டிகிரி வெந்நீரில் ஒரு பங்கும் கலந்தால் 40 டிகிரி நீர் கிடைக்கும். பாட்டி கையை விட்டுப் பார்ப்பாள். வால்வு தன் வயிற்றுக்குள் இருக்கும் மெழுகு விரிவதையும் சுருங்குவதையும் கொண்டு அறிந்துகொள்ளும். அதற்கும் மேலே ஒரு காவற்காரன் உண்டு. எக்காரணத்தாலாவது நீர் எல்லை மீறிச் சூடானால் பம்பை நிறுத்திவிடுவது அவன் உத்தியோகம்.

கனத்த சிமெண்டுத் தளம் வகுப்பில் கடைசிப் பெஞ்சு மாணவனைப் போன்றது. கற்றுக்கொள்ள நேரமாகும், கற்றதை மறக்கவும் நேரமாகும். அறை குளிர்ந்த பிறகு வெந்நீரைத் திறந்தால் தளம் சூடேறுவதற்குள் பல மணி நேரம் ஆகிவிடும். ஆகவே அங்கே அறையின் உஷ்ணத்தை மட்டும் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வெளியே ஓர் உணர்கருவி வைத்து வானத்தைப் பார்க்கிறார்கள். வெளியே குளிர் ஏற ஏற, உள்ளே அனுப்பும் நீரின் சூட்டையும் முன்கூட்டியே சிறிது சிறிதாக உயர்த்துகிறார்கள். வானத்தைப் பார்த்து வேலை செய்வது தாயில்பட்டிக்கும் டொராண்டோவுக்கும் பொதுவான வழக்கம் போலிருக்கிறது!

அண்ணாச்சியின் ஆட்சேபம்

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த போர்மேன், “அதெல்லாம் குளிர் ஊருக்குச் சரிதான், தம்பி. மருந்து இருக்கிற இடத்திலே சூடுன்னு பேசினாலே எனக்கு ஈரக்கொலை நடுங்குது” என்றார். நியாயமான நடுக்கம். அந்த நடுக்கம் இருப்பதனால்தான் அவர் முப்பது வருஷமாக அங்கே போர்மேனாக இருக்கிறார்.

நம் மாணவர் சொன்ன பதில் இது: “அண்ணாச்சி, வெந்நீருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தன் எல்லை அதற்குத் தெரியும். நெருப்பும் கரண்டுக் கம்பியும் அப்படியில்லை. விட்டால் எதுவரைக்கும் வேண்டுமானாலும் போகும். திறந்த தொட்டியிலே உள்ள தண்ணீர் என்ன காய்ச்சினாலும் 100 டிகிரியைத் தாண்டாது. 45 டிகிரிக்கு விளாவிவிட்டால், குழாய்க்கு மேலே உள்ள மேடையும் 45-ஐத் தாண்ட வழியில்லை. சித்திரை வெயிலுக்கு யார் அந்த வரம்பு போடுவது?”

இது வெறும் வாய்ச்சொல் அல்ல. குளிரும் மழையும் மிகுந்த தேசங்களில் வாண ஆலைகளின் உலர்த்தும் அறைகளை வெந்நீர்க் குழாய்களால் சூடாக்குவது நெடுநாளைய வழக்கம். உலகத்திலேயே பட்டாசுத் தொழிலில் முதன்மை பெற்ற சீன தேசத்திலும், ஹூனான் மாகாணத்து லியூயாங் வட்டாரத்தில் இந்த முறை உண்டு. நெருப்பு தூரத்தில் தனிக் கட்டிடத்தில் இருக்கும். மருந்துள்ள அறைக்குள் வருவது நெருப்பின் தூதனாகிய வெந்நீர் மட்டுமே. நெருப்பை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அதன் பயனை மட்டும் உள்ளே அழைப்பது எவ்வளவு பெரிய நாகரிகம்!

மருந்துக்கும் மிதமான சூடே நல்லது. கடும் வெயிலில் மணி மருந்தின் மேல்தோல் சட்டென்று காய்ந்து ஓடாகிவிடும். உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். வெளியே காய்ந்தது போல் தோன்றி உள்ளே ஈரமாயிருக்கும் உருண்டைதான் பின்னால் தொல்லை கொடுப்பது. இளஞ்சூட்டில், காற்றோட்டத்தில், நிதானமாகக் காய்ந்தால் ஈரம் நடுவிலிருந்து வெளியேறிவிடும். சூடு மட்டும் போதாது. எழும்பும் நீராவி வெளியே போகக் கூரையில் வழி வேண்டும். இல்லாவிட்டால் காய வைத்தது வேகவைத்ததாகிவிடும்.

சுவரோரத்தில் நிற்கும் சூட்டுக் குழாய்களின் மேல் மருந்துத் தூசி படியும். துடைக்க முடியாத இடுக்குகளில் தங்கும். தளத்துக்குள் புதைந்த குழாய்க்கு அந்தத் தோஷமில்லை. மேலே வழுவழுப்பான தரை ஒன்றுதான், ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆனால் தளம் விரிசல் விடக்கூடாது. பம்பும் மின்சாரமும் இணைப்புகளும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். சரக்கின் அளவு, ஆளின் எண்ணிக்கை, அறைக்கு அறை இடைவெளி என்னும் பழைய விதிகளில் ஒன்றையும் தளர்த்தக் கூடாது. காய்ந்த காற்றில் உடலில் மின்னூட்டம் சேரும். வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு அதைப் போக்கிக்கொண்டு உள்ளே வரும் வழக்கம் இரட்டிப்பு அவசியமாகும். உராய்வை வெந்நீர் தடுக்காது. பேராசையை எந்த வால்வும் தடுக்காது.

குளிர்ந்த தளம்

“சரி, எட்டு மாதம் எங்களுக்கு வெக்கையாச்சே, அதுக்கு உங்கள் குழாய் என்ன செய்யும்?” என்று மடக்கினார் அண்ணாச்சி. இதற்கும் பதில் இருக்கிறது. அதே குழாயில் வெந்நீருக்குப் பதில் தண்ணீரை, உண்மையான தண்ணென்ற நீரை ஓட்டினால் தளம் குளிரும். ஹைதராபாத்தில் இன்போஸிஸ் கம்பெனியார் 2011-இல் ஒரு கட்டிடத்தை இரு சம பாதியாகக் கட்டி, ஒரு பாதியைச் சாதாரணக் குளிர்காற்று முறையாலும், மறு பாதியைத் தளத்துக்குள் பதித்த குளிர்நீர்க் குழாய்களாலும் குளிரவைத்துப் பார்த்தார்கள். குழாய்ப் பாதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சமாயிற்று.

ஆனால் இங்கேயும் ஒரு கடிவாளம் வேண்டும். மோர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். தளமும் அவ்வாறே வியர்க்கும். 40 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 20 என்றால், தளம் 13 டிகிரிவரை குளிர்ந்தாலும் வியர்க்காது. மழை நாளில் 30 டிகிரியும் நூற்றுக்கு 80 ஈரப்பதமும் இருந்தால் 26 டிகிரியிலேயே பனித்துளி அரும்பிவிடும். ஈரம் பட்டால் உள்ளுக்குள் கொதிக்கும் அலுமினியத் தூள் இருக்கும் அறையில் தரை வியர்ப்பது சாமானியமான அபாயமல்ல. ஆகவே மருந்து அறைக்கு இந்தக் குளிர்த் தளம் ஆகாது. பெட்டி ஒட்டும் இடத்துக்கும், தொழிலாளர் உண்டு இளைப்பாறும் கூடத்துக்கும், பள்ளிக்கூடத்துக்கும் ஆகும். எங்கே ஆகும், எங்கே ஆகாது என்று பிரித்தறிவதுதான் படிப்பின் பயன்.

யார் செய்வது?

மாலையில் மேகம் சற்று விலகியது. மேடைகளில் மங்கலாக வெயில் விழுந்ததும் அந்தப் பெண்கள் இருவரும் எழுந்து தட்டுகளை எடுக்கப் போனார்கள். “தம்பி சொல்றது நடக்குமாய்யா?” என்று மாணவரின் தாயார் நம்மைக் கேட்டார்.

நடக்குமா என்பது குழாயைப் பொறுத்த கேள்வியல்ல. குழாயும் பம்பும் வால்வும் கடையில் கிடைக்கின்றன. கொதிகலனுக்குக்கூட அதிகச் செலவில்லை. வெயில் காலத்தில் கூரைமேல் வைத்த சூரிய வெந்நீர்க் கருவி 45 டிகிரி நீரைச் சுலபமாகத் தரும். மழை நாளுக்குத்தான் தொலைவில் ஓர் அடுப்பு வேண்டும். ஆனால் உரிமம் பெற்ற ஆலையில் வெடிபொருள் பாதுகாப்பு இலாகாவின் அநுமதியின்றி ஒரு செங்கல்லையும் புதிதாக வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஒரு சிறு முதலாளி தனியாக இந்தப் பரீட்சையைச் செய்ய முடியாது. சிவகாசி வட்டாரத்து ஆலை முதலாளிகள் ஒன்று சேர்ந்து, ஒரு பொறியியற் கல்லூரியையும் இலாகா அதிகாரிகளையும் துணைக்கு அழைத்து, மருந்தில்லாத ஈரக் களிமண் உருண்டைகளைக் கொண்டு முதலில் ஒரு மேடையைச் சோதித்துப் பார்க்கலாம். அதில் தேறினால் அடுத்த படி. தேறாவிட்டால் ஏன் தேறவில்லை என்றாவது தெரியும்.

தீபாவளி இரவில் நம் வீட்டுக் குழந்தைகள் வானத்தை நோக்கிக் கை கொட்டும்போது, அந்த ஒளிப்பூவின் ஒவ்வோர் இதழும் ஏதோ ஒரு களத்து மேடையில், ஒரு தாயாரின் கண்காணிப்பில் காய்ந்தது என்பதை நினைத்துக்கொள்வது நல்லது. அந்தத் தாயாருக்கு மழை நாளிலும் கூலி கிடைக்க வேண்டும். வெயில் நாளிலும் உயிர் பத்திரமாக இருக்க வேண்டும். கற்கப் போன பிள்ளைகள் அயல் தேசங்களில் எத்தனையோ வித்தைகளைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் கல்கத்தாவுக்குப் போனவர்கள் கற்றதை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். டொராண்டோவுக்குப் போனவர்களும் கொண்டுவரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.